தொண்டைமானாற்றுக் கதவும் இறாலும்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது என்பதைச் சின்ன வகுப்பிலேயே படிப்பித்துவிடுகிறோம். வழுக்கையாறு மாரியில் ஓடும். கோடையில் அதன் படுக்கையில் மாடு மேயும். "தொண்டைமானாறு, உப்பாறு என்றெல்லாம் பெயர் இருக்கிறதே" என்று பிள்ளை கேட்டால், அவை கடல்நீரேரிகள் என்று விளங்கப்படுத்துவோம். புவியியல் வினாத்தாளுக்கு அந்த விளக்கம் காணும். இறாலுக்கும் மடவைக்கும் அந்தப் பாடம் தெரியாது. கடலில் பொரித்து, களப்புக்குள் வளர வருவதற்கு ஒரு வழி. வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புவதற்கும் அதே வழி. அவற்றின் கணக்கில் தொண்டைமானாறு ஆறுதான்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் மீனுக்கு ஆறு எதுவோ, அதுதான் இது. சால்மனை நம்மில் பலர் கண்டதில்லை. கடையில் "செமன்" என்று கேட்டு வாங்குகிற ரின்னுக்குள் இருப்பது அநேகமாகக் கும்பளாவின் சொந்தக்காரர். அசல் சால்மன் குளிர்நாட்டு மீன். ஆற்றின் மேற்பகுதியில் கூழாங்கல்லுக்குள் பொரித்து, கடலுக்குப் போய்ச் சில வருடங்கள் திரிந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். நம்முடைய இறாலின் பயணம் இதற்கு நேர்மாறு. அது பிறப்பது கடலில், வளர்வது உள்ளே. திசைதான் வேறு. நடுவழியில் மனிதன் ஒரு கதவைப் போட்டால் இரண்டும் ஒரே மாதிரித்தான் அழியும்.

தொண்டைமானாற்றின் கதவுக்கு வருமுன் அதன் வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சோழத் தளபதி கருணாகரத் தொண்டைமான், கரணவாய்ப் பக்கத்து உப்பை மரக்கலத்தில் ஏற்றிப் போவதற்காக இந்த வாயை வெட்டி ஆழமாக்கினான் என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த கதை. கதை எவ்வளவு உண்மை என்பதை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடுவோம். உப்பை வெளியே கொண்டுபோவதற்கென்று திறக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த வாயை, உப்பை உள்ளே விடக்கூடாது என்பதற்காக 1950களில் நாம் அடைத்தோம். ஆற்றங்கரைக் கோயிலில் இருக்கும் சந்நிதி முருகன் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அடைத்தவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. இந்தச் சபையில் பாதிப்பேர் கமக்காரர். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதும் இல்லை. ஆண்டுக்கு 1,250 மில்லிமீற்றர் அளவில் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். பெய்தது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. அதைத்தான் கிணற்றிலிருந்து இறைக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருக்கும் உவர் மேலே ஏறும். போதாதற்கு, குடாநாட்டின் நடு வயிற்றுக்குள்ளேயே தொண்டைமானாறும் உப்பாறும் கடலைக் கொண்டுவந்து வைத்திருக்கின்றன. களப்போரத்துக் கிணறு உவரானால் வெங்காயம் வாடும். வெங்காயம் வாடினால் பிள்ளையின் ரியூசன் காசும் நகை அடகும் வரை போகும்.

அதனால்தான் யாழ்ப்பாணத்து வெள்ளைக்கார அரசாங்க அதிபர் துவைனம் துரை காலத்திலிருந்தே இந்தக் களப்புகளை நன்னீராக்கும் எண்ணம் பேசப்பட்டு வந்தது. அதை முழுத் திட்டமாக வரைந்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்று இன்று நாம் சொல்வது அவருடைய திட்டத்தைத்தான். கனகராயன் ஆறு வன்னியிலிருந்து கொண்டுவரும் வெள்ளத்தை ஆனையிறவுக் களப்பில் தேக்குவது. அங்கிருந்து முள்ளியானில் ஏறக்குறைய 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி, தொண்டைமானாற்று வாயால் கடலைச் சேரும் வடமராட்சிக் களப்புக்குள் விடுவது. அந்த நன்னீர் கடலோடு கலக்காமல் தொண்டைமானாற்றிலும் உப்பாற்று வாயான அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணை போடுவது. அழகான திட்டம். ஒரு நீர்ப்பாசனப் பொறியியலாளரின் வாழ்நாள் கனவு என்றே சொல்லலாம்.

நடந்தது என்ன? தடுப்பணைகள் முதலில் எழுந்தன. ஆனையிறவில் 1960களில் வேலை நடந்தது. முள்ளியான் வாய்க்கால் முடியவில்லை. வரவேண்டிய நன்னீர் வரவில்லை. வந்துகொண்டிருந்த கடல்நீர் மட்டும் நின்றது. இந்த அரைகுறை நிலையை யாரும் திட்டமிடவில்லை. ஆறுமுகத்தின் வரைபடத்தில் இப்படியொரு களப்பு கிடையாது. ஆனால் எழுபது வருடமாக மீனும் மனிதரும் வாழ்ந்துவருவது இந்தத் திட்டமிடாத களப்பில்தான்.

இனி இறாலுக்கு வருவோம். இதை நான் அவசரப்படாமல் சொல்லவேண்டும், ஏனென்றால் கதவைப் பற்றிய சண்டையில் இறால் எப்படி வாழ்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வெள்ளை இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் இறால் கரையிலிருந்து விலகிய கடலில் இலட்சக்கணக்கில் முட்டை இடும். ஒரு நாளுக்குள் பொரிக்கும். பொரித்தது இறாலைப் போலவே இராது. கண்ணுக்குத் தெரியாத தூசு. இரண்டு மூன்று கிழமைக்குள் பல தடவை தோல் கழற்றி, உருமாறி, ஒரு சென்ரிமீற்றர் அளவான கண்ணாடி ஊசிபோல ஆகும். அப்போது அதற்குக் கரை வேண்டும். இரவில், பெருக்கு ஏறும்போது, தண்ணீரோடு தண்ணீராகக் களப்பு வாயால் உள்ளே நுழையும். வற்று இறங்கும்போது அடியோடு ஒட்டிக் கிடந்து, தன்னை வெளியே அடித்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும். இப்படி ஏறுநீரைப் பிடித்து, இறங்குநீரை விட்டு, ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். உள்ளே கண்டல் வேரும் சாதாளையும் சேறும் இருக்கிற இடத்தில் மூன்று நான்கு மாதம் தின்று வளரும். பிறகு, அமாவாசை பறுவத்தை அண்டிய இரவுகளில், அல்லது மழை வெள்ளம் தள்ளும்போது, கூட்டமாக வெளியே போகும். கடல் பெறும், களப்பு வளர்க்கும், கடல் திரும்பக் கேட்கும். பிறப்பிலிருந்து தாயாவது வரை ஒரு வருடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மடவையும் இதே ஒழுங்கில்தான் போய்வரும். முட்டையிடக் கடலுக்குப் போகும். குஞ்சு களப்புக்கு வரும். கொடுவாவும் அப்படித்தான். ஒடியற்கூழுக்குள் போடுகிற இறாலும் மீனும் எந்த வழியால் சட்டிக்கு வந்தன என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் ஏதோவொரு களப்பு வாயில்தான் போய் நிற்போம்.

நம்முடைய கரையில் ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. ஒரு மீற்றரும் வராது. பெரிய வற்றுப்பெருக்குள்ள நாடுகளில் கதவில் ஒரு கசிவு இருந்தாலும் நிறையத் தண்ணீர் ஏறிவரும். இங்கே பலகையை நெருக்கி இறக்கினால் ஏறுநீர் என்பதே களப்புக்கு இல்லாமல் போய்விடும். அடுத்தது, கதவு திறக்கும் காலம். மாரி வெள்ளத்தை வெளியேற்றத் திறக்கிறோம். உப்பைக் கரைத்துக்கொண்டு மழைநீர் கடலுக்குப் போகும். வெள்ளம் வடிய, கடல் திரும்பி வருமுன் பூட்டுகிறோம். ஒவ்வொரு மாரியும் இப்படிக் கழுவக் கழுவக் களப்பின் உவர் குறைந்துகொண்டு போகும் என்பதுதான் கணக்கு, அது பிழையான கணக்கும் அல்ல. ஆனால் இறாலின் பக்கம் நின்று பாருங்கள். வளர்ந்தது வெளியே போகும் வழி மாரியில் திறக்கிறது. குஞ்சு உள்ளே வரும் வழி, தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்குகிற அதே வேளையில் பூட்டப்படுகிறது. போகவிட்டு, வரவிடாத கதவு அது.

"கதவைத் திறந்தா எங்கட கிணறு போயிடும்" என்று கரணவாயில் சொல்வார்கள். "கதவைப் பூட்டினா எங்கட இறால் போயிடும்" என்று களப்போரத்தில் சொல்வார்கள். இரண்டும் உண்மை. இரண்டு உண்மை மோதும்போது நம் ஊரில் வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: இரவில் யாரோ பலகையைக் கழற்றுவார்கள், பகலில் யாரோ மனு எழுதுவார்கள்.

போர்க்காலத்தில் இந்த வழக்குக்கு யாரும் எதிர்பாராத தீர்ப்புக் கிடைத்தது. பராமரிக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. பலகைகள் உக்கின, இரும்பு துருவேறியது, கடல் தானாக உள்ளே வந்து போனது. களப்புக்கு வழி திறந்தது. ஆனால் மீனவருக்குக் கடல் பூட்டப்பட்டது. தடைசெய்யப்பட்ட வலயம், பாஸ், இரவுத் தடை என்று வள்ளங்கள் கரையில் கிடந்து வெடித்தன. மீன் இருந்த காலத்தில் பிடிக்க விடவில்லை. போர் முடிந்து பிடிக்கலாம் என்றானபோது தடுப்பணைகளுக்குப் புதுக் கதவுகள் வந்தன, வெளியே கடலில் இந்திய றோலர்கள் வந்தன.

இப்போது கிளமத் ஆற்றுக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தூரமான இடம்தான். ஆனால் நம்முடைய வழக்கு அங்கே ஒரு சுற்று நடந்து முடிந்திருக்கிறது.

ஒரேகன் மாநிலத்தில் தொடங்கிக் கலிபோர்னியா வழியாகப் பசிபிக் கடலில் விழுகிற ஆறு அது. நானூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் மிகுதியாகக் கிடைத்த ஆறுகளில் ஒருகாலத்தில் மூன்றாவது இடம் அதற்கு. யூரொக், கருக், கிளமத் என்ற பழங்குடிகள் அந்த மீனை உண்டும் விற்றும் வணங்கியும் வாழ்ந்தவர்கள். 1918இல் முதலாவது பெரிய மின்சார அணை முடிந்தது. பிறகு மேலும் மூன்று. 1960களின் தொடக்கத்தில் கட்டிய அயன் கேற் அணையில் மீன் ஏறுவதற்கு வழி வைக்கவில்லை. பதிலுக்குக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். மேலே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஆறும் கிளையாறும் சால்மனுக்கு இல்லாமல் போயின.

ஆற்றின் தலைப்பில் ஒரு பெரிய நீர்ப்பாசனத் திட்டமும் உண்டு. உருளைக்கிழங்கும் தீவனப் புல்லும் விளையும் பூமி. 2001இல் கடும் வரட்சி வந்தது. அழியும் நிலையிலிருந்த மீன்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று மத்திய அரசு ஏறக்குறைய 1,400 கமக்காரருக்கான வாய்க்காலைப் பூட்டியது. பயிர் கருகியது. ஆத்திரமடைந்தவர்கள் மதகைத் தாங்களே போய்த் திறந்தார்கள். இரவில் பலகை கழற்றுவது நம்முடைய தனிச்சொத்து அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். அடுத்த வருடம் அரசு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. தண்ணீர் வயலுக்குப் போனது. 2002 செப்ரெம்பரில், கீழாற்றில் தண்ணீர் குறைந்து சூடாகி, முட்டையிட வந்த சால்மன் நெருக்கியடித்துச் செவுள் நோய் பரவியது. குறைந்தபட்சம் 34,000 பெரிய மீன்கள் செத்துக் கரையொதுங்கின. ஒரு வருடம் கமக்காரனின் வயிற்றில் அடி, அடுத்த வருடம் மீனவனின் வயிற்றில் அடி.

இரண்டு அடியும் வாங்கியபின்தான் இரு தரப்பும் ஒரே மேசையில் இருந்தார்கள். அன்பினால் அல்ல, வழக்குச் செலவும் களைப்பும் கூட்டிவந்தன. 2010இல் கமக்காரர், பழங்குடிகள், மீனவர், மாநில அரசுகள், மின்சாரக் கம்பனி எல்லோரும் உடன்பாடுகளில் ஒப்பமிட்டார்கள். கம்பனி ஏன் வந்தது தெரியுமா? அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் மீனுக்கு ஏணி கட்டவேண்டும். கட்டும் செலவைவிட அணையை உடைப்பது மலிவு. தண்ணீர்ப் பங்கீட்டுப் பகுதியை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றாமலே விட்டது. அந்தப் பங்கீட்டுச் சண்டை இன்றும் தீரவில்லை. அணைப் பகுதி மட்டும் தப்பிப் பிழைத்து, 2022இல் இறுதி அனுமதி கிடைத்து, 2023, 2024ஆம் ஆண்டுகளில் நான்கு அணைகளும் அகற்றப்பட்டன. 2024 ஒக்ரோபரில், அணைகள் நின்ற இடத்தைத் தாண்டி ஒரேகனுக்குள் சினூக் சால்மன் வந்து சேர்ந்தது. அங்கே அந்த மீன் வந்து நூறு வருடத்துக்கு மேலாகியிருந்தது. யாரும் அதற்கு வழிகாட்டவில்லை.

அதே வருடத் தொடக்கத்தில் இன்னொன்றும் நடந்தது. பொரிப்பகத்துக் குஞ்சுகளை இலட்சக்கணக்கில் ஆற்றில் விட்டார்கள். இன்னும் உடைபடாமலிருந்த அயன் கேற் அணையின் சுரங்க வழியால் போகும்போது அவை செத்துப்போயின. வளர்த்து விட்டது செத்தது; தானாகத் திரிந்தது வந்து சேர்ந்தது. இதை ஒரே வருடத்து இரண்டு செய்திகளாக நான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் நம்முடைய களப்புகளிலும் இறால் குஞ்சு விடுவது ஒரு மருந்தாகப் பேசப்படுகிறது. நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையான நக்டா குஞ்சு விடட்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவு பூட்டிய களப்பில் குஞ்சு விடுவது, ஒவ்வொரு வருடமும் யாராவது விடவேண்டும் என்ற கடனை ஊர்மேல் ஏற்றிவைப்பதுதான். கடல் இலவசமாகத் தருவதைப் பொரிப்பகத்தில் காசு கொடுத்து வாங்குகிறோம். படமெடுக்கவும் பத்திரிகையில் போடவும் அது வசதி.

நம் மொழி பேசும் ஆறு ஒன்றிலும் இப்படி ஒரு மீன் போனது. காவிரியில் ஆடிப் பெருக்கோடு உல்லம் ஏறும். வங்காளத்தார் இலீசு என்று கொண்டாடுகிற அதே மீன். கொள்ளிடத்துக் கீழணை அதன் வழியில் முதலில் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத்துறை அங்கே உல்ல முட்டையைப் பொரிக்க வைக்கப் பாடுபட்டது; பெரிதாகப் பலிக்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்து பெருக்கின் நேரத்தையே மாற்ற, கதை முடிந்தது. தஞ்சாவூர் வயலை யாரும் திரும்பக் கொடுக்கமாட்டார்கள். உல்லத்துக்காக மேட்டூரை உடைக்கச் சொல்லவும் யாரும் இல்லை. இழப்பு என்று ஒரு வரிகூட எழுதாமல் இழந்ததுதான் எனக்கு வருத்தம்.

அதே உல்லம் வங்காளதேசத்தில் மீண்டிருக்கிறது. 2002-03இல் இரண்டு இலட்சம் தொன் அளவுக்கு இறங்கியிருந்த பிடிப்பு, 2017-18இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. குஞ்சு பிடிக்கத் தடை, ஆற்றில் சரணாலயங்கள், ஒக்ரோபரில் முட்டையிடும் பறுவத்தை ஒட்டி 22 நாள் முழுத் தடை. தடைக் காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு அரிசி கொடுத்தது. அரிசி பிந்தியது, போதவில்லை என்ற முறைப்பாடு நிறைய உண்டு. ஆனாலும் கஞ்சிக்கு வழி சொல்லாமல் வலையைக் கழுவி வை என்று அவர்கள் சொல்லவில்லை. நம்முடைய தடைச் சட்டங்களை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைப் படிக்கவேண்டும்.

ஒடிசாவின் சிலிகா ஏரி நம் களப்புக்கு இன்னும் கிட்டிய உறவு. கடல்வாய் மணல் மூடி, உவர் குறைந்து, நன்னீர்ப் பாசி படர்ந்து, 1999-2000இல் மீன் பிடிப்பு 1,745 தொன்னுக்கு விழுந்தது. 2000 செப்ரெம்பரில் புதிய வாய் வெட்டினார்கள். 2001-02இல் பிடிப்பு 11,989 தொன். எண்ணைக் கேட்டு மயங்கவேண்டாம். சிலிகாவுக்கு உவர் வேண்டியிருந்தது. கரணவாய்க் கிணற்றுக்கு உவர் வேண்டாம். சிலிகாவிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேகத்தைப் பற்றிய செய்தியை மட்டும். வாய் திறந்தால் களப்பு மீள ஒரு தலைமுறை தேவையில்லை. சால்மனுக்கு ஒரு சுற்று மூன்று நான்கு வருடம். இறாலுக்கு ஒரு வருடம். ஒரு மாரியில் செய்தது சரியா பிழையா என்று அடுத்த மாரிக்குள் தெரிந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் விடை சொல்லும் பரீட்சை மீன்பிடியில் வேறு இல்லை.

உண்மையில் நமக்கு மிகப் பொருத்தமான பாடம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. நியூகாசில் நகரத்துக்குப் பக்கத்தில், ஹன்ரர் ஆற்றோரம், ஹெக்ஸாம் என்ற சதுப்பு நிலம். 1970களின் தொடக்கத்தில் வெள்ளத்தையும் கடல்நீரையும் தடுக்க அதன் ஓடை வாயில் எட்டுக் கதவுகள் போட்டார்கள். கண்டலும் உவர்ப் புல்லும் போய், நாணல் வந்தது. இறால் குஞ்சுக்கு இருந்த வளர்ப்பிடம் போனது. பிறகு திறக்க முடிவெடுத்தபோது எட்டையும் ஒரே நாளில் திறக்கவில்லை. 2008 இறுதியில் ஒரு கதவில் தொடங்கினார்கள். பக்கத்து நிலங்களில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, உப்பு எங்கே வரை போகிறது என்று அளந்தார்கள். பிறகு அடுத்த கதவு. எட்டும் திறக்க 2013 ஆகிவிட்டது. இறால் திரும்பியது. அவர்களுக்கு ஐந்து வருடம் பொறுக்க முடிந்ததற்குக் காரணம், அளப்பதற்கென்று ஆளும் கருவியும் இருந்தன; ஒவ்வொரு கதவுக்கும் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தொண்டைமானாற்றில் எல்லாக் கதவையும் எப்போதும் திறந்துவைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உடைக்கச் சொல்லவும் இல்லை. கிளமத்தில் உடைத்தது மின்சார அணை. கமக்காரரின் வாய்க்கால் இன்னும் ஓடுகிறது. நான் கேட்பது சின்ன விடயம். மாரி வெள்ளம் வடிந்தபின், அமாவாசையையும் பறுவத்தையும் ஒட்டிய சில இரவுகளில், ஒரேயொரு கதவை, ஏறுநீர் வரும் சில மணித்தியாலத்துக்கு மட்டும் திறப்பது. விடியுமுன் பூட்டுவது. உவர்நீர் பாரம் கூடியது. அடியால் ஊர்ந்து வரும். ஆகவே உப்புக் கொஞ்சம் வரத்தான் செய்யும். வராது என்று சொன்னால் அது பொய். எவ்வளவு வருகிறது, எங்கே வரை வருகிறது என்பதுதான் கேள்வி.

கடற்றொழிலாளரான நண்பர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கதவு திறக்கிற அன்று பாலத்தடியில் தோளோடு தோள் உரச வீச்சுவலை விழுகிறது. வாய்க்குக் குறுக்கே தங்கூசி வலை கட்டுகிறோம். சிறகுவலையின் கண்ணை ஆண்டுக்காண்டு சின்னதாக்குகிறோம். கமக்காரர் உவரை ஏற்றுக்கொண்டு கதவைத் திறந்து, நுழைகிற குஞ்சை நாங்கள் வாசலிலேயே அள்ளினால், அடுத்த வருடம் அவர்களிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது? வாயின் இருபுறமும் குறிப்பிட்ட தூரத்துக்கு வலை விழக்கூடாது என்று சங்கங்களே ஒப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். பொலிஸ் வந்து பிடிக்கிற காரியமாக அதை வைத்தால் நடக்காது. ஆழம் குறைந்த கரைகளில் கடலட்டைப் பண்ணைக்கு வலை அடைக்கிறவர்களும் இதே கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்: குஞ்சு போகும் பாதை எது என்று பார்த்தா அடைக்கிறீர்கள்?

களப்பிலிருந்து தப்பி வெளியே போகிற இறாலுக்காகக் காத்திருப்பது இழுவைமடி. இழுவைமடித் தொழிலைப் பாராளுமன்றம் 2017இல் தடைசெய்தது. அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணையில் தொடங்கிய சட்டம் அது. தமிழ்நாட்டிலிருந்து வருகிற றோலர்கள் அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தங்கள் கரையில் அவர்கள் தடையை மதிக்கிறார்கள். தடை முடிந்த கையோடு எங்கள் கரைக்கு வருகிறார்கள். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசுகிறோம், சரி. தாய் இறாலின் வயிற்றைக் கிழிக்கிற மடிக்கு உறவு முறை கிடையாது. நமது கரையிலும் இழுவைமடி வைத்திருந்தவர்கள், வைத்திருப்பவர்கள் உண்டு. அதை மறைத்துக்கொண்டு அக்கரையை மட்டும் ஏசினால் அக்கரையில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். கடல் வழக்கு டில்லிக்கும் கொழும்புக்கும் போய்த் தீரட்டும். தொண்டைமானாற்றுக் கதவுக்கு டில்லியும் வேண்டாம், கொழும்பும் பெரிதாக வேண்டாம்.

கதவின் பொறுப்பு நீர்ப்பாசனத் திணைக்களத்திடமே இருக்கட்டும். கதவடியில் ஒரு கொப்பி வேண்டும். திறந்த திகதி, மணி, திதி, எத்தனை பலகை, கடல் மட்டம், களப்பு மட்டம். களப்போரத்துக் கிணறுகளில் சிலவற்றைத் தெரிந்து, ஒவ்வொரு திறப்புக்கு முன்னும் பின்னும் உவரைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்து அதே கொப்பியில் எழுதவேண்டும். கருவி கைக்குள் அடங்குவது, பாடசாலைப் பிள்ளையே அளக்கலாம். களப்பின் மேல் போகும் வல்லைப் பாலத்தடியில் நுண்வலை ஒன்றை இழுத்துக் குஞ்சு எண்ணுவதைப் பல்கலைக்கழக மீன்பிடியியல் மாணவர்களிடம் கொடுக்கலாம். மூன்று நான்கு மாதம் கழித்துக் களப்பில் பிடிபட்ட இறாலின் நிறையைச் சங்கம் எழுதவேண்டும். கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பமிடவேண்டும். கொப்பி பூட்டிய அலுமாரிக்குள் போகாமல் சனசமூக நிலைய வாசிகசாலையில், பத்திரிகை கிடக்கிற மேசையில் கிடக்கவேண்டும்.

கடைசியாக ஒரு நிபந்தனை; இதைக் கமக்காரர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எந்த அளவுக்கு மேல் கிணறு உவரானால் திறப்பு நிறுத்தப்படும் என்ற எல்லையை முதல் பலகை எடுக்குமுன்னரே எழுதிவிடவேண்டும். தெரிந்தெடுத்த கிணறுகளில் ஒன்று அந்த எல்லையைத் தாண்டினாலும் அன்றிரவே கதவு பூட்டப்படும். பூட்டச் சொல்லும் உரிமை கிணற்றுக்காரருக்கு இருக்கும். கூட்டம் கூடி விசாரிப்பது பூட்டியபின். அந்த உரிமை எழுத்தில் இல்லாமல் கரணவாயில் யாரும் ஒரு பலகையைக்கூட அசைக்க விடமாட்டார்கள். விடவும் கூடாது.